பிளாக்கில் வாங்காமல் கச்சேரிக்குப் போக: முதல்முறை டிக்கெட் எடுப்பவர்களுக்கு

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை மதியம் 12 மணி. பிரிட்டனின் கோல்ட்ப்ளே ராக் இசைக் குழுவின் மும்பை நிகழ்ச்சிகளுக்கு புக்மைஷோவில் டிக்கெட் விற்பனை திறந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே நுழையப் பார்த்தார்கள். தளம் தடுமாறியது. முதலில் அறிவித்த 2025 ஜனவரி 18, 19 போதாமல், 21ஆம் தேதியையும் அன்றைக்கே சேர்த்தார்கள். மூன்று நாளையும் கூட்டினாலும் நவி மும்பை டி.ஒய். பாட்டில் மைதானத்தில் இரண்டு லட்சம் பேருக்குக்கூட இடமில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்பது விற்பனை தொடங்கும் முன்பே தெரிந்த கணக்கு.

அதுகூடப் பரவாயில்லை. என்னைக் கோபப்படுத்தியது அதற்கு அடுத்து நடந்தது. 2,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாய் வரைக்கும், லவுஞ்ச் மட்டும் 35,000 ரூபாய்க்கும் விற்ற டிக்கெட்டுகள், வியாகோகோ போன்ற மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை போட்டு வரிசையாக நின்றன. விற்பனை தொடங்கும் முன்பே அங்கே பட்டியல் போட்டவர்களும் இருந்தார்கள். கையில் இல்லாத டிக்கெட்டுக்கு விலை சொல்கிறார்கள் என்றால், நம் அவசரத்தைத்தான் விற்கிறார்கள்.

பெரிய கச்சேரிக்கு முதல்முறையாக டிக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று வேலை. நேர்வழியில் எடுப்பது, கிடைக்காவிட்டால் இன்னொரு ரசிகரிடமிருந்து அசல் விலைக்கு வாங்குவது, நம்மால் போக முடியாவிட்டால் அதே விலைக்குக் கைமாற்றிவிடுவது. மூன்றாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் ரசிகர்களுக்குள் விலை நியாயமாக நிற்பது அதில்தான்.

டிக்கெட் எங்கே போகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். மைதானத்தில் உள்ள எல்லா இருக்கைகளும் பொது விற்பனைக்கு வருவதில்லை. விளம்பரதாரர்கள், குறிப்பிட்ட வங்கி அட்டைக்காரர்கள், கலைஞரின் விருந்தினர்கள் என்று ஒரு பகுதி முன்பே ஒதுங்கிவிடும். மேடை எவ்வளவு பெரியது, ஒலிபெருக்கிக் கோபுரம் எங்கே நிற்கும் என்று முடிவாகும்வரை இன்னொரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

மிச்சத்தில்தான் நாமும் மொத்தமாக அள்ளுகிறவர்களும் மோதுகிறோம். ஒரு கணக்குக்கு நான்கு டிக்கெட் என்று வரம்பு வைத்தால், அவர்கள் நாற்பது கணக்கு வைத்திருப்பார்கள். வேறு வேறு சிம், வேறு வேறு அட்டை. சிலர் படிவத்தைத் தானாக நிரப்பும் பாட் மென்பொருளையும் ஓடவிடுவார்கள். அமெரிக்காவில் 2016இலேயே இந்த பாட்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் 2022 நவம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் சுற்றுப்பயண முன்விற்பனையில், டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் தளம் திணறியபோது, அந்த நிறுவனமே பாட்களின் தாக்குதலையும் ஒரு காரணமாகச் சொன்னது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். சில நாடுகளில் டிக்கெட் நிறுவனமே தேவையைப் பார்த்து விலையை ஏற்றும். 2024 ஆகஸ்டில் ஒயேசிஸ் குழுவின் பிரிட்டன் நிகழ்ச்சிகளுக்கு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள், தங்கள் முறை வந்தபோது அறிவித்த விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்ததைப் பார்த்துக் கொதித்தார்கள். அது பிளாக் இல்லை, அதிகாரபூர்வ விலையேற்றம். நம் பணம் இரண்டிலும்தான் போகிறது, ஆனால் புகார் போக வேண்டிய இடம் வேறு.

விற்பனைக்கு முந்தின நாள்

கணக்கை அன்றைக்கே திறந்து, கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபார்த்துவிடுங்கள். விற்பனை நேரத்தில் ஓடிபிக்காகக் காத்திருந்து வாய்ப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். கணக்கில் உள்ள பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயராகவே இருக்கட்டும். செல்லப் பெயரோ அப்பாவின் கணக்கோ வேண்டாம். வாசலில் அட்டை கேட்டால் முன்பதிவு செய்தவர்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் வழியையும் சோதித்துப் பாருங்கள். யுபிஐயில் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று உங்கள் வங்கி வைத்திருக்கும் வரம்பைப் பாருங்கள். கடன் அட்டை என்றால் ஆன்லைன் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், விலைப்பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு, என்ன விலை, கட்டணங்கள் சேர்த்தால் எவ்வளவு. கோல்ட்ப்ளே மும்பைக்கு நின்று பார்க்கும் டிக்கெட் 6,450 ரூபாய். இந்த ஒரு எண் மனதில் இருந்தால் போதும், பிறகு யாராவது "இருபதாயிரம்தான், குறைச்சல் விலை" என்று சொன்னால் அது குறைச்சலா இல்லையா என்று உடனே தெரியும். அசல் விலை தெரியாத ரசிகரைத்தான் பிளாக்காரர்கள் தேடுகிறார்கள்.

எந்தப் பிரிவு வேண்டும் என்பதில் முதல் விருப்பம் ஒன்று, அது போனால் இரண்டாவது, அதுவும் போனால் மூன்றாவது. அதற்கு மேல் செலவழிப்பதில்லை என்று ஒரு தொகையையும் எழுதி, கூட வருகிற நண்பர்களிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வரிசையில் முறை வந்த பிறகு குழுவில் "இது ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.

விற்பனை திறந்த பிறகு

பெரும்பாலான பெரிய விற்பனைகளுக்கு இப்போது காத்திருப்பு அறை என்று ஒன்று உண்டு. நேரம் ஆனதும் அங்கே இருப்பவர்களுக்கு வரிசை எண் கொடுப்பார்கள். பல தளங்களில் இந்த எண் குலுக்கல்போலத்தான் விழுகிறது. அதனால் விடியற்காலையிலேயே போய் உட்கார வேண்டியதில்லை, அறிவித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு உள்ளே இருந்தால் சரி.

ஒரே கணக்கை நான்கு தாவலில் (டேப்) திறக்காதீர்கள். தளம் உங்களையே பாட் என்று நினைத்து வெளியே தள்ளக்கூடும். பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரிஃப்ரெஷ் செய்யவும் வேண்டாம். வீட்டில் ஆளுக்கொரு கணக்கில் முயல்வது நியாயம்தான், ஆனால் ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவர்கள் வெளியேறிவிடுங்கள். "இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூடுதலாக எடுத்து வைக்கும் டிக்கெட்டுகள் எத்தனை நாள் நம் கையில் சும்மா கிடக்கும் என்று யோசியுங்கள். அவை விற்பனைக்குத்தான் வரும், அப்போது ஆசையும் கூடவே வரும்.

பணம் கட்டி முடித்ததும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல், ரசீது இரண்டையும் தனியாகச் சேமியுங்கள். ரசீதில் அடிப்படை விலை, தளத்தின் கட்டணம், ஜிஎஸ்டி தனித்தனியாக இருக்கும். பின்னால் கைமாற்ற நேர்ந்தால் இந்தத் தாள்தான் உங்கள் நேர்மைக்குச் சாட்சி.

"சோல்டு அவுட்" வந்துவிட்டால்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மறுவிற்பனைத் தளத்துக்கு ஓடுகிறார்கள். அந்த முதல் 48 மணி நேரத்தில் பிளாக் விலை பெரும்பாலும் எகிறி நிற்கும். தயவுசெய்து அந்த இரண்டு நாள் எதையும் வாங்காதீர்கள்.

காத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அதே கோல்ட்ப்ளே நிகழ்ச்சியே உதாரணம். நவம்பரில் அகமதாபாத்தில் ஜனவரி 25ஆம் தேதி நிகழ்ச்சி அறிவிப்பானது, அதுவும் போதாமல் 26 சேர்ந்தது. நவம்பர் 22 அன்று மும்பை நிகழ்ச்சிகளுக்கு 'இன்ஃபினிட்டி டிக்கெட்' என்று ஒன்றை விற்றார்கள். விலை 2,000 ரூபாய். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், மைதானத்தில் எந்த இடம் என்பது டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும். நிகழ்ச்சி நெருங்கிய ஜனவரி இரண்டாம் வாரத்தில், மேடை அமைப்பு உறுதியானதும் கடைசித் தொகுப்பும் விற்பனைக்கு வந்தது. செப்டம்பரில் ஒருவர் இரண்டு லட்சம் கேட்ட அதே நிகழ்ச்சிக்கு, நவம்பரில் பொறுமையாக இருந்தவர்கள் இரண்டாயிரத்தில் போனார்கள்.

எல்லாக் கச்சேரிக்கும் இப்படி நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் கூடுதல் நாள், பணம் கட்டாமல் விட்ட டிக்கெட்டுகள், மேடை முடிவானதும் விடுவிக்கும் இருக்கைகள், இந்த மூன்றும் திரும்பத் திரும்ப நடப்பவை. கலைஞரின் அதிகாரபூர்வப் பக்கம், ஏற்பாட்டாளரின் பக்கம் இரண்டுக்கும் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் தினமும் ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள்.

ஏற்பாட்டாளரே நடத்தும் மறுவிற்பனை வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 செப்டம்பர் கடைசியில் சொமாட்டோ, டிக்கெட் வாங்கியவர்கள் அதே செயலியிலேயே திரும்ப விற்கும் வசதியை அறிவித்தது. அப்படி விற்றால் பழைய டிக்கெட் ரத்தாகிப் புது ஆள் பெயரில் புது டிக்கெட் வரும் என்பதால் போலி நுழைய முடியாது. அந்த வகையில் நல்ல ஏற்பாடு. ஆனால் விலையை இரண்டு மடங்கு வரைக்கும் ஏற்ற இடம் விட்டார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நெதர்லாந்தில் தொடங்கிய டிக்கெட்ஸ்வாப் என்ற மறுவிற்பனைத் தளம் அசல் விலைக்கு மேல் 20 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறது. பிரிட்டனின் ட்விக்கெட்ஸ் அசல் விலைக்கு மேல் பட்டியல் போடவே விடுவதில்லை. லண்டனிலோ பாரீசிலோ இருக்கும் நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரி இடங்களைத்தான்.

இன்னொரு ரசிகரிடம் வாங்கும்போது

சென்னையில் ஒரு கச்சேரி வாசலில், கல்லூரி மாணவி ஒருத்தியும் அவள் அம்மாவும் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் நின்றதைப் பார்த்தேன். இன்ஸ்டாகிராமில் அறிமுகமான ஒருவரிடம் இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். வந்தது ஸ்கிரீன்ஷாட். வாசலில் ஸ்கேன் செய்தபோது, அந்தக் க்யூஆர் கோடு அரை மணி நேரத்துக்கு முன்பே உள்ளே போயிருந்தது. அதே படத்தை எத்தனை பேருக்கு விற்றாரோ. அந்த எண்ணுக்கு அழைத்தால் சுவிட்ச் ஆஃப். அம்மா மகளைத் திட்டவில்லை. "சரி விடு, வெளியிலேயே கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போலாம்" என்று மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் தெரிந்தவர்கள் வட்டத்தில் கேளுங்கள். அலுவலகக் குழு, கல்லூரிக் குழு, அடுக்குமாடிக் குழு. பெரிய கச்சேரி என்றால் கடைசி வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் வரும், யாருக்காவது ஷிஃப்ட் மாறும். அங்கே கிடைக்காவிட்டால்தான் வெளியாள்.

வெளியாளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஏன் விற்கிறீர்கள், எப்போது எடுத்தீர்கள், எப்படி என் பெயருக்கு மாற்றுவீர்கள். உண்மையான ரசிகர் முதல் கேள்விக்கே அரைப் பக்கம் எழுதிவிடுவார், வர முடியாத வருத்தம் அதில் இருக்கும். வியாபாரி "எத்தனை வேணும்?" என்று கேட்பார். நான்கு பிரிவிலும், மூன்று ஊரிலும் டிக்கெட் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது வீடியோ அழைப்பு. செயலியைத் திறந்து, முன்பதிவுப் பக்கத்தை உங்கள் கண்முன்னே ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்து காட்டச் சொல்லுங்கள். பெயர், தேதி, பிரிவு, எண்ணிக்கை தெரிய வேண்டும். க்யூஆர் கோடை விரலால் மறைத்துக்கொள்ளட்டும், அது அவருக்கும் பாதுகாப்பு. மின்னஞ்சலையும் அனுப்புநர் முகவரி தெரியும்படி காட்டச் சொல்லலாம். இதற்குச் சலித்துக்கொள்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

பணம் கொடுப்பதில்தான் கவனம் அதிகம் வேண்டும். செயலிக்குள்ளேயே உங்கள் கணக்குக்கு மாற்றும் வசதி இருந்தால், மாறி வந்த பிறகு பணம். அந்த வசதி இல்லாவிட்டால் வாசலில் சந்தித்து, சேர்ந்தே வரிசையில் நின்று, ஸ்கேன் ஆகிப் பச்சை விளக்கு எரிந்ததும் ஜிபே. அவர் வரவே முடியாத ஊரில் இருந்தால் அவருடைய நண்பர் ஒருவர் வரட்டும். நான் ஒருமுறை இப்படிக் கேட்டபோது வந்த பதில்: "அக்கா, நிறைய பேர் கேக்குறாங்க, பாதி அமௌண்ட் போட்டு லாக் பண்ணிக்கோங்க, உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன்." இந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் விலகிவிடுங்கள். நிறைய பேர் கேட்டால் அவர் நமக்காக வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

டிக்கெட்டுக்குப் பதிலாகக் கையில் கட்டும் ரிஸ்ட்பேண்ட் என்றால் இன்னும் கவனம். கையில் கட்டி இறுக்கிய ரிஸ்ட்பேண்டை அவிழ்த்துக் கொடுத்தால் வாசலில் செல்லாது. உறையோடு, கட்டாமல் இருக்க வேண்டும். முன்பதிவு செய்தவரின் அடையாள அட்டை வேண்டும் என்று நிபந்தனையில் எழுதியிருந்தால், அவர் நேரில் வராமல் வாங்கவே வேண்டாம்.

விலை? அவர் கட்டிய மொத்தத் தொகையை டிக்கெட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். "ஐந்நூறுதானே கூடுதல்" என்று நீங்கள் கொடுப்பதைப் பார்த்து அடுத்தவர் ஆயிரம் கேட்பார். நிகழ்ச்சி நெருங்க நெருங்க விலை பெரும்பாலும் இறங்கும், ஏனென்றால் இரவு பத்து மணிக்குப் பிறகு அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. இது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

உங்களால் போக முடியாவிட்டால்

நிபந்தனைகளைப் படியுங்கள். ஏற்பாட்டாளரே திரும்ப எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் கைமாற்றலாமா, பெயர் மாற்ற வழி உண்டா என்று வாடிக்கையாளர் சேவையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையைக் கணக்கிடுவது இப்படி. உதாரணத்துக்கு, மூன்று டிக்கெட்டுக்கு கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ரசீதில் 13,500 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 4,500. நீங்கள் கட்டணமாகக் கொடுத்ததையும் சேர்த்துக் கேட்பது நியாயம்தான், அது உங்கள் கையை விட்டுப் போன பணம். காத்திருந்த நேரத்துக்கும் பட்ட பாட்டுக்கும் விலை போடக் கூடாது. வாங்கப் போகிறவரும் அதே வரிசையில் நின்று கிடைக்காமல் போனவர்தான்.

குழுவில் அறிவிக்கும்போது தேதி, பிரிவு, எண்ணிக்கை, ஒரு டிக்கெட்டின் விலை, எப்படிக் கொடுப்பீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதாதீர்கள். விலையை வெளியே சொன்னால்தான் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் அசல் விலை எவ்வளவு என்று தெரியும். பிளாக் விலை சொல்கிறவருக்கு அந்த ஒரு பதிவே இடைஞ்சல். ஆனால் டிக்கெட் படத்தைப் போடாதீர்கள், க்யூஆர் கோடோ பார்கோடோ ஓரமாகத் தெரிந்தால்கூட நகல் எடுத்துவிடுவார்கள்.

முதலில் கேட்டவருக்குக் கொடுங்கள். "நான் ஏழாயிரம் தரேன்" என்று பின்னால் ஒருவர் வருவார். அவர் வாங்கிப் பன்னிரண்டாயிரத்துக்கு விற்கப் போகிறவராகவும் இருக்கலாம். உங்களிடம் இருக்கும் எல்லாவற்றையும் கேட்கிறவரிடம் யாருடன் போகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பாட்டுக்காகப் போகிறீர்கள் என்றும் கேட்கலாம். நான் அப்படிக் கேட்டு ஆளைத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

பணம் வாங்கும்போது ஒன்று மறக்காதீர்கள்: யுபிஐயில் பணம் வருவதற்கு நீங்கள் பின் எண் போட வேண்டியதே இல்லை. "இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று ஒருவர் அனுப்பினால் அது உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் வழி.

கைமாற்றிய பிறகும் பொறுப்பு முடிவதில்லை. நிகழ்ச்சி ரத்தானால் பணம் முதலில் எடுத்தவரின் கணக்குக்குத்தான் திரும்பும். சென்னையில் 2023ஆம் ஆண்டு ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 12 அன்று நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் பக்கம் நடந்தது. கூட்ட நெரிசலில், டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். டிக்கெட் நகலையும் குறையையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். அந்த மாதிரி நேரத்தில், ரசீது ஒருவரிடமும் டிக்கெட் இன்னொருவரிடமும் இருந்தால் என்ன செய்வது? அதனால் விற்கும்போதே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். "நிகழ்ச்சி ரத்தானாலோ பணம் திரும்பினாலோ எனக்கு வந்த மூன்று நாளுக்குள் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்." ரசீது நகலையும் கொடுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

இந்தியாவில் கச்சேரி டிக்கெட் மறுவிற்பனைக்கென்று தனி மத்தியச் சட்டம் இல்லை. கோல்ட்ப்ளே விவகாரத்தில் காவல்துறைக்குப் புகார் போனது, 2024 அக்டோபரில் அமலாக்கத்துறை பல நகரங்களில் சோதனை நடத்தியது. ஆன்லைன் டிக்கெட் விற்பனையை ஒழுங்குபடுத்தக் கோரிய பொதுநல வழக்கை 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விதி வகுப்பது சட்டமன்றத்தின், அரசின் வேலை என்பது நீதிமன்றத்தின் நிலை.

ஆனால் போலி டிக்கெட்டைக் கொடுத்து ஏமாற்றினால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318ஆம் பிரிவின்படி மோசடி. பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். டிக்கெட் விற்ற தளத்தின் மீதே குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிளாக் விலைப் பட்டியலைப் பார்த்தால், இருக்கை எண் தெரியும்படி படம் எடுத்து ஏற்பாட்டாளருக்கு அனுப்புங்கள். இருக்கை எண் இருந்தால் அந்த முன்பதிவை அவர்களால் ரத்து செய்ய முடியும்.

வெளிநாடுகளில் வழி இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் 2019 ஜூனிலிருந்து, ஏற்பாட்டாளர் அனுமதியில்லாமல் தொழிலாக விலையேற்றி விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம். அயர்லாந்தும் 2021இல் விலையேற்றி மறுவிற்பனை செய்வதற்கு எதிராகச் சட்டம் போட்டது. பிரிட்டன் அரசு 2025 நவம்பரில், அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைச் சட்டவிரோதமாக்கப் போவதாக அறிவித்தது. நம்மவர்கள் நிறைய வாழும் டொரன்டோவில் கதை வேறு மாதிரிப் போனது. ஒன்டாரியோ மாகாணம் 2017இல் மறுவிற்பனை விலைக்கு 50 சதவீத உச்சவரம்பு வைத்துச் சட்டம் இயற்றியது. ஆட்சி மாறியதும் அது நடைமுறைக்கு வராமலே 2019இல் நீங்கியது.

சட்டத்துக்காகக் காத்திராமல் கலைஞர்களே செய்ததும் உண்டு. 2018இல் பாடகர் எட் ஷீரனின் பிரிட்டன் நிகழ்ச்சிகளில், வியாகோகோவில் விற்பனையான பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை ரத்து செய்தார்கள். ஏமாந்து வந்தவர்களுக்கு மைதானத்திலேயே அசல் விலைக்கு வேறு டிக்கெட் கொடுத்து, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறவும் வழி சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது த க்யூர் குழுவின் 2023 அமெரிக்கச் சுற்றுப்பயணம். 20 டாலரிலிருந்து டிக்கெட் வைத்து, கைமாற்றுவதை நிறுத்தி, அசல் விலைக்கு மட்டுமே திரும்ப விற்கும் வழியைத் திறந்தார்கள். நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் மட்டும் அப்படித் தடுக்க அந்த ஊர்ச் சட்டம் விடவில்லை. கட்டணம் டிக்கெட் விலையைவிட அதிகமாக வந்திருக்கிறது என்று ரசிகர்கள் காட்டியதும், பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். டிக்கெட்மாஸ்டர் ஒரு டிக்கெட்டுக்கு 5 அல்லது 10 டாலர் திருப்பிக் கொடுத்தது. பிளாக்காரர்கள் கணக்கையே கடவுச்சொல்லோடு விற்கத் தொடங்கியபோது சுமார் 7,000 டிக்கெட்டுகளை ரத்து செய்தார்கள்.

உங்கள் ஊரில் சின்னக் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்களைத் தெரிந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். மொத்த விலையை முன்பே அறிவிப்பது, டிக்கெட்டில் பெயர் போடுவது, நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்புவரை திரும்ப எடுத்துக்கொள்வது. முந்நூறு பேர் வரும் கச்சேரிக்குக்கூட இது செய்யக்கூடிய வேலைதான். இதில் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் முதலில் வர வேண்டும், போக முடியாதவருக்கு நேர்வழி இருந்தால் பிளாக்காரருக்குச் சரக்கு கிடைக்காது.

நிகழ்ச்சி நாளில்

டிக்கெட் இல்லாமலே போய்ப் பார்ப்பதும் ஒரு வழி. வீடு பக்கத்தில் இருந்தால், வெறுங்கையோடு திரும்ப மனம் தயாராக இருந்தால் மட்டும். வாசலில் "எக்ஸ்ட்ரா இருக்கா, எக்ஸ்ட்ரா வேணுமா" என்று காதருகே கேட்கிறவர்களைக் கடந்து நேராக பாக்ஸ் ஆபீஸ் கவுண்டருக்குப் போங்கள். திரும்பி வந்த டிக்கெட், விருந்தினர் ஒதுக்கீட்டில் மிஞ்சியது ஏதாவது இருந்தால் அங்கேதான் வரும். கவுண்டருக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். நண்பர் வராததால் ஒரு டிக்கெட் மிஞ்சிப்போனவர்கள் முதலில் அங்கே வந்துதான் விசாரிப்பார்கள். அசல் விலை எவ்வளவு என்று சொல்லி, சேர்ந்து வரிசையில் நின்று, ஸ்கேன் ஆனதும் பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு இது அதிகம் கைகூடும், ஒற்றை டிக்கெட்தான் கடைசியில் மிஞ்சும். முதல் பாட்டு தொடங்கிய பிறகும் ஒரு கால் மணி நேரம் காத்திருங்கள்.